பாமா வைச்ச நேர்த்தி

பிலோமினம்மா கடகத்தை இறக்கி வைச்சிட்டா. அதுதான் வினை. தலையில கடகத்தோட நடந்து போற மீன்காரியிட்டை வேண்டாமெண்டு சொல்லலாம். வேலிப் படலையடியில இறக்கி, மேல மூடின சாக்கையும் விலக்கிக் காட்டினாப் பிறகு வேண்டாமெண்டு சொன்னால், அந்த வீட்டில காசில்லை எண்டு அர்த்தம். புளியங்கூடலில அப்பிடித்தான்.

சத்தியபாமா எட்டிப் பார்த்தா. விளைமீன். கண் இன்னும் மங்கேல்லை. குசினியில பிஸ்கற் ரின்னுக்குள்ள கிடந்தது ஏழு ரூவா நாப்பது சதம். அண்டைக்குத் தேதி இருபது. மார்ச் மாசம், முப்பத்தொரு நாள். சம்பளம் முதலாந் தேதிதான் வரும்.

வேலிக்கு அங்கால மச்சாள் மீனலோசனி முத்தம் கூட்டுற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரெண்டு அந்தச் சத்தம் நிண்டுபோச்சு.

பாமா வேலிப் பக்கம் ஒருக்கால் பார்த்தா.

எழுபத்திநாலாம் ஆண்டு அது. எல்லாத்துக்கும் கூப்பன், எல்லாத்துக்கும் வரிசை, செத்தல் மிளகாயின்ர விலையைக் கேட்டாலே நெஞ்செரியும். பாமா நெடுந்தீவில இருந்து கலியாணம் கட்டி வந்து எட்டு மாசம். புருசன் குலசிங்கம் ஊர்காவற்றுறையில ஒரு கந்தோரில கிளாக்கர். அவற்ற குசினியை ஆறு வருசமா நடத்தினது அவற்ற தமக்கை மீனலோசனி, பக்கத்து வளவில இருந்துகொண்டு. பாமா வந்தாப் பிறகும் அதே கதைதான். சீனி எத்தினை கரண்டி, தேங்காய் எத்தினை பாதி எண்டு வேலிக்கு மேலால சட்டம் வரும். ஊர்ச் சனத்தோட போக்குவரத்தும் அவதான். புது வருசத்தோட பாமா துணிஞ்சு வாய் திறந்தா, என்ர குசினியை இனி நானே பாக்கிறன் எண்டு.

மீனலோசனி கோவிக்கேல்லை. இடுப்பில செருகியிருந்த குசினிப் பூட்டுத் திறப்பை உருவிக் குடுத்தா.

"மாசம் நூறு ரூவா, பாமா. மூண்டு மாசம் நடத்திக் காட்டும். நூறுக்கு மேல ஒரு சதம் போனாலும் திறப்பு என்ரை கைக்கு வந்திடவேணும். பிறகு அதைப்பற்றிக் கதை இல்லை."

ஜனவரி மூச்சுப் பிடிச்சுப் போச்சு. பெப்ரவரி இருபத்தெட்டு நாளெண்டபடியால் தப்பினது. மார்ச் கடைசி மாசம். இதைக் கடந்திட்டால் திறப்பு பாமாவுக்குத்தான், சாகுமட்டும். கடக்காட்டில், தன்ரை வீட்டு உப்புப் போத்தலைத் திறக்கவும் வேலிக்கு மேலால கேக்கவேணும். அந்த மாசம் பாத்துத்தான் பாமா ஒரு வாசச் சவுக்காரமும் வாங்கித் துலைச்சவ. ஒரு ரூவா எழுபத்தைஞ்சு சதம். வாங்கின நாளில இருந்து அதை ஒளிச்சு வைச்சு, மணக்கக்கூடாதெண்டு பயந்து பயந்து பூசிக் குளிப்பா. குளிச்சுப்போட்டு வந்தால் களவெடுத்த ஆள் மாதிரி முகம்.

இப்ப விளைமீன் வேற கண்ணை முழிச்சுப் பாக்குது.

"இண்டைக்கு மச்சம் இல்லை, பிலோமினக்கா. விரதம்."

"புதன்கிழமையில என்ன விரதம் பிள்ளை?"

"நேர்த்தி வைச்சனான்" எண்டு பாமாவின்ரை வாய் தானாச் சொல்லிப்போட்டுது.

பிலோமினம்மா அவவை மேலும் கீழும் பார்த்தா. "எப்ப மட்டும்?"

"மாசம் முடியுமட்டும்."

"ஓ" எண்டா பிலோமினம்மா. சாக்கை இழுத்து மூடி, கடகத்தைத் தூக்கித் தலையில வைச்சுக்கொண்டு நடந்தா. வேலிக்கு அங்கால விளக்குமாத்துச் சத்தம் திரும்பத் தொடங்கிச்சுது.

பாமா மச்சச் சட்டியைக் கழுவிக் கிணத்தடியில கவிட்டா. பதினொரு நாள் மீன் செலவு இல்லை. முருங்கையிலை வளவில நிக்குது. சாமியின்ரை பேரில பொய் சொன்னது மட்டும் தொண்டைக்குள்ள முள்ளு மாதிரி நிண்டுது. அதுக்கும் ஒரு சமாதானம் கண்டுபிடிச்சா: பதினொரு நாளும் உண்மையாவே மச்சம் சாப்பிடாட்டி அது பொய்யில்லைத்தானே.

மத்தியானம் குலசிங்கம் சைக்கிளில சாப்பிட வந்தார். கோப்பையில கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும். மீன் இல்லாமல் அந்த மனிசனுக்குச் சோறு இறங்காது.

"இஞ்சேரும், மீன் எங்கை?"

நேர்த்தி எண்டா பாமா. என்ன நேர்த்தி எண்டு அவர் கேக்க, சொன்னால் பலிக்காது எண்டா. குலசிங்கம் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு கன நேரம் யோசிச்சார். முகம் மெல்ல மெல்ல வெளிறிச்சுது.

"உமக்கு ஆர் சொன்னது?"

"என்ன சொன்னது?"

"சரி, விடும். நான் இனிக் காட்ஸ் விளையாடப் போகேல்லை. போதுமே?"

பாமாவுக்கு அவர் காட்ஸ் விளையாடுறதே அப்பதான் தெரியும். ஆனால் அதில சந்தோசப்பட நேரம் இல்லை. முந்தி ஆறரைக்கு வந்தவர் அடுத்த நாளில இருந்து நாலரைக்கே வந்து நிண்டார். நாலரைக்கு வந்த மனிசனுக்குத் தேத்தண்ணி வேணும். தேத்தண்ணியோட கடிக்க என்னவும் வேணும். காட்ஸை விட்ட கவலையில சீனியும் ரெண்டு கரண்டி கூட. மீனில மிஞ்சின காசு சீனியில போச்சு.

போதாக்குறைக்குப் பக்கத்து வீடு, எதிர்வீடு எண்டு ஒழுங்கைச் சனம் வரத் தொடங்கிச்சுது. பிலோமினம்மா கரம்பொன்னில இருந்து நடந்து வாறவ, போற வழியெல்லாம் சேதி விட்டுக்கொண்டு போவா. முதல் கோடி வீட்டு அன்னபூரணம் வந்தா. பின்னேரம் எதிர்வீட்டு மனோகரி. அடுத்த நாள் வேற மூண்டு பேர். எல்லாரும் நேரா குசினிக்குள்ளதான் வந்து குந்துறது. பாமாவின்ரை வயித்தை ஒருக்கால் பாப்பினம், குசினித் தட்டுமுட்டை ஒருக்கால் பாப்பினம், பிளேன்ரி குடிப்பினம், எழும்பிப் போவினம். என்ன நேர்த்தி எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை.

ஏன் கேக்கேல்லை எண்டு பாமாவுக்கு விளங்கிச்சுது. கலியாணம் கட்டி எட்டு மாசமான பொம்பிளை வேற என்னத்துக்கு நேர்த்தி வைப்பா? அந்தச் சனம் தனக்கொரு குஞ்சு கிடைக்கவேணுமெண்டு நினைச்சு வந்து அன்பாய்ப் பாக்குது, தான் ரின்னுக்குள்ள சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறன் எண்டு நினைச்சு, ரின்னை அடுப்புக்குப் பின்னால தள்ளி வைச்சா.

இருபத்தைஞ்சாந் தேதி ரின்னுக்குள்ள நாலு ரூவா அறுவது. அண்டைக்கு மீனலோசனி வேலிப் பொட்டுக்குள்ளால வந்தா. குசினி வாசலில நிண்டுகொண்டு அரிசிப் பானையைப் பார்த்தா, எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தா, பாமாவைப் பார்த்தா.

"நேர்த்தி வைச்சால் முடிவில நேர்த்திச் சோறு குடுக்கவேணும், தெரியும்தானே?"

பாமா தலையாட்டினா.

"ஒண்டுக்கும் யோசியாதேயும். முப்பத்தொண்டு ஞாயிறு. ஒழுங்கையில ஒன்பது வீட்டுக்கு நான் சொல்லிப்போட்டன்."

சொல்லிப்போட்டு அவ போயிட்டா. பாமா உரலில இருந்திட்டா. ஒன்பது வீடு எண்டால் சோறு, பருப்பு, மூண்டு கறி, பாயாசம். நாலு ரூவா அறுவதுக்கு ஒன்பது பேருக்குத் தண்ணிதான் குடுக்கலாம். மச்சாள் பொறி வைச்சிட்டா. கோவிக்காமல், சத்தம் போடாமல், சாமியின்ரை பேரிலயே வைச்சிட்டா.

ஒரு இரவு முழுக்க யோசிச்சு விடிய பாமா ஒரு வழி கண்டுபிடிச்சா. வேலியடியில போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிண்டு, நெடுந்தீவில அம்மாவின்ரை பெரியப்பா ஐயாத்துரை மோசம் போனார் எண்டு லோஞ்சு வள்ளத்தில வந்த ஆக்கள் சொன்னவை, சாவுத் துடக்கு வந்தபடியால் சோறு குடுக்க ஏலாது எண்டு சொன்னா.

"அடடா. என்ன வயசு?"

"தொண்ணூறு."

"கலியாணம் கட்டினாப் பிறகு அந்தப் பக்கத்துத் துடக்கு உமக்கு இல்லை, பாமா" எண்டா மீனலோசனி. "ஆனால் செத்தவீட்டுக்குப் போகாமல் விட ஏலாது. நானும் வாறன். தம்பியை லீவு போடச் சொல்லும். மூண்டு பேருக்கும் லோஞ்சுக்குக் காசு எடுத்து வையும்."

மூண்டு பேருக்குப் போக, வர. பாமா விரலை மடிச்சுப் பார்த்தா. அந்தக் காசுக்கு ரெண்டு வீட்டுக்குச் சோறு குடுக்கலாம். ரெண்டு மணித்தியாலம் பொறுத்துத் திரும்ப வேலியடிக்குப் போனா.

"மச்சாள், பெரியப்பா சாகேல்லையாம். சேடம் இழுத்தவராம், பிறகு கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டவராம்."

மீனலோசனி விளக்குமாத்தை வேலியில சாத்தி வைச்சா. முகத்தில ஒண்டும் தெரியேல்லை.

"நல்ல சகுனம்" எண்டா. "அப்ப நேர்த்தி பலிக்கத் தொடங்கிட்டுது. இன்னும் ரெண்டு வீட்டுக்குச் சொல்லிவிடுவம்."

பதினொரு வீடு ஆச்சு.

அதுக்குப் பிறகு பாமா எந்த வழியும் யோசிக்கேல்லை. யோசிக்கிற ஒவ்வொரு வழிக்கும் ரெண்டு வீடு கூடும் எண்டு பயம். குலசிங்கத்திட்டைச் சொல்லவும் துணிவில்லை, சொன்னால் தமக்கையிட்டை ஓடுவார். ஓடாட்டிலும் காட்ஸுக்குத் திரும்பிப் போவார்.

ஞாயிற்றுக்கிழமை விடிஞ்சுது. ரின்னுக்குள்ள மூண்டு ரூவா பத்துச் சதம். பானையில கூப்பன் அரிசி ஒரு கொத்து. தேங்காய் ஒண்டு, அதுவும் பாதி. பாமா தலை முழுகி, அடுப்பை மெழுகி, குசினித் திறப்பைக் கழுவித் துடைச்சு ஒரு வெத்திலையில வைச்சா. எல்லாருக்கும் முன்னால மச்சாள் கேக்கிறதுக்கு முந்தித் தானே குடுத்திடுறது எண்டு முடிவு. அழக்கூடாது எண்டும் முடிவு.

முதல் வந்தது அன்னபூரணம். சீலைத் தலைப்புக்குள்ள ஒரு ஓலைப்பெட்டி. நேர்த்திச் சோத்துக்கு வெறுங்கையோட வந்தால் புண்ணியம் இல்லை எண்டு சொல்லி, அரிசி ரெண்டு கொத்தைப் பானையில கொட்டினா. பின்னால மனோகரி, ஒரு போத்தல் நல்லெண்ணெயும் அஞ்சு தேங்காயும். பிறகு பருப்பு. பிறகு செத்தல் மிளகாய், அந்த விலையில, அரை றாத்தல். பயித்தங்காய், வாழைக்காய், சீனி, தேயிலை. பாமாவின்ரை குசினியில என்ன என்ன இல்லையோ அதுதான் ஒவ்வொண்டாப் படலைக்குள்ளால வந்துது. ஒருத்தர் கொண்டந்ததை மற்றவ கொண்டரேல்லை. சாமி தட்டுமுட்டைப் பார்த்துத் துண்டு எழுதி அனுப்பினமாதிரி இருந்துது. பொய் நேர்த்திக்குச் சாமி இப்பிடி மெய்யாக் குடுத்தால், பிறகு என்னத்தைத் திருப்பிக் கேக்குமோ?

பதினொரு பொம்பிளையளும் சீலையை வரிஞ்சு கட்டிக்கொண்டு சமைச்சு முடிச்சினம். சிரிப்பும் பகிடியும். ஐயாத்துரைப் பெரியப்பா கஞ்சி குடிச்சவரோ எண்டு ஒருத்தி கேக்க, மற்றவை வாயைப் பொத்திச் சிரிச்சினம். குலசிங்கம் ரெண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடிச்சிட்டு முத்தத்தில பாய் போட்டுப் படுத்திட்டார். பாமா ஒரு பிடி சோறும் விழுங்கேல்லை.

எல்லாரும் போனாப் பிறகு மீனலோசனி குசினிக்குள்ள வந்தா. பானையில இன்னும் அஞ்சு கொத்து அரிசி. மூலையில தேங்காய் ஏழு. பிஸ்கற் ரின்னைத் திறந்து சில்லறையைக் கையில கொட்டி எண்ணினா.

"மூண்டு ரூவா பத்துச் சதம் மிச்சம்."

வெத்திலையில இருந்த திறப்பை எடுத்தா. பாமா கண்ணை மூடிக்கொண்டா. உள்ளங்கையில இரும்பு குளிர்ந்துது. மீனலோசனி அவவின்ரை விரலை மடிச்சுப் பொத்திவிட்டா.

"திறப்பு இனி உம்மட."

வேலிப் பொட்டுக்குள்ளால போயிட்டா.

அண்டைக்கு முழுக்கப் பாமாவுக்குத் திறப்பு இடுப்பில நெருப்பா இருந்துது. வெண்டது தான் இல்லை, தன்ரை பொய். மச்சாளின்ரை ஆறு வருசத்தைப் பொய் சொல்லிப் பறிச்சது. ஒழுங்கைச் சனத்தின்ரை அரிசியைப் பிறக்காத பிள்ளையின்ரை பேரில வாங்கித் திண்டது. விடிய ஆரிட்டையாவது சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சிடும் போல கிடந்துது. ஆனால் மச்சாளிட்டைச் சொன்னால் திறப்புப் போகும். ஒழுங்கைச் சனத்திட்டைச் சொன்னால் மானம் போகும். இந்த ஒழுங்கையில இல்லாத ஆள் ஒண்டு வேணும்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் படலையடியில கடகம் இறங்கிச்சுது.

"நேர்த்தி முடிஞ்சுதே பிள்ளை? இண்டைக்குப் பாரை நல்லது."

பாமா படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. வாய் திறக்கக் கண்ணீர்தான் முதல் வந்துது. பிறகு ஒரேயடியாக் கொட்டிப்போட்டா. நேர்த்தி ஒண்டும் இல்லை, பிலோமினக்கா. மீன் வாங்கக் காசு இல்லாமல் சொன்னது. எல்லாரையும் ஏமாத்திப்போட்டன். திறப்பைக் கொண்டுபோய் மச்சாளிட்டைக் குடுக்கப்போறன்.

பிலோமினம்மா சும்மாட்டை எடுத்து உதறிக் கழுத்து வேர்வையைத் துடைச்சா. வேலிப் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்தா. பிறகு குரலைத் தணிச்சுச் சொன்னா.

"விசரி, கை வறண்டால் இந்த ஒழுங்கையில மாசம் ஒரு வீட்டுக்கு நேர்த்திதான், உமக்குத்தான் ஆரும் சொல்லேல்லை போல, இந்த ஏப்ரல் இருபதுக்குப் பிறகு தனக்கு மீன் வேண்டாமெண்டு உம்மட மச்சாள் இப்பத்தான் என்னை மறிச்சுச் சொல்லிப்போட்டுப் போறா."