திரை சொன்ன வயது

கணினித் திரையின் வலது மூலையில் அவருடைய முகம் தெரிந்தது. முகத்துக்குக் கீழே பச்சை நிறத்தில் எழுபத்து நான்கு என்று ஓர் எண்.

அவருக்கு வயது நாற்பத்தேழு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுபத்து நான்குதான். அடுத்த நொடி முகமும் எண்ணும் மறைந்து வழக்கமான வேலைப்பக்கம் திறந்துகொண்டது.

காப்பீட்டு நிறுவனத்தில் அவர் கிளெய்ம் அதிகாரி. விபத்தில் அடிபட்ட கார்களின் படங்களைப் பார்த்து, எது புது அடி, எது ஏற்கெனவே இருந்த அடி என்று பிரித்துச் சொல்வது அவர் வேலை. சில வருடங்களாக வீட்டிலிருந்தேதான் பார்க்கிறார். பாஸ்வேர்டை எல்லோரும் மறந்து தொலைக்கிறார்கள் என்று, இனிமேல் முகத்தைக் காட்டினால் கணினி திறக்கும்படி அலுவலகத்தில் மாற்றிவிட்டார்கள். அந்த எண் என்ன என்று யாரும் சொல்லவில்லை.

இதே வேலையைப் பார்க்கும் நண்பருக்குப் போன் போட்டார்.

"உனக்கு மூஞ்சிக்குக் கீழ ஏதாவது நம்பர் வருதா?"

"வருதே. அம்பத்திரெண்டு."

"உனக்கு என்ன வயசு?"

"அம்பத்திரெண்டு நடக்குது. ஏன்? ஓ, அது வயசா? பரவாயில்லையே, சரியா சொல்லுதே. உனக்கு எவ்வளவு?"

"இன்னொரு போன் வருது, வச்சிடறேன்," என்றார் கிளெய்ம் அதிகாரி.

குளியலறைக்குப் போய், கண்ணாடி முன்னால் நின்று, ஒரு காரைப் பார்ப்பதுபோலத் தன்னைப் பார்த்தார். முன்பக்கம் பெரிய சேதமில்லை. கண்ணோரம் லேசான கீறல்கள். நெற்றியில் சில கோடுகள், பழையவை. தாடைக்குக் கீழே கொஞ்சம் தொய்வு. கார் என்றால், பெயின்ட் அடித்தால் போதும் என்று எழுதி அனுப்பியிருப்பார்.

வேறு சமயமாக இருந்தால் விட்டிருப்பார். ஆனால் வட்டாரத் தலைமைப் பதவிக்கு நேர்காணல் வந்துகொண்டிருந்தது. அதுவும் வீடியோவில். போன தடவை அந்தப் பதவி அவர் மூக்குக்கு நேரே வந்து, சின்ன வயதுக்காரர் ஒருவரிடம் போய்விட்டது. "துடிப்பான ஆளா இருந்தா நல்லதுன்னு நினைச்சாங்க," என்று அப்போது காரணம் சொன்னார்கள். இந்தத் தடவை நேர்காணல் நடத்துபவர்கள் முன்னால் எழுபத்து நான்கு என்று வந்தால், பதவியை விடுங்கள், ஓய்வு பெறச் சொல்லிப் பூச்செண்டு அனுப்பிவிடுவார்கள்.

மத்தியானம் நண்பரே கூப்பிட்டார். பேச்சுக்கொடுத்து எண்ணைக் கறந்துவிட்டார்.

"எழுபத்தி நாலா?" என்றார். "நான் சொல்றேன் கேளு. இது கம்ப்யூட்டர் வெளிச்சம். அதுல ஒரு நீல ஒளி இருக்காம். தோலுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிட்டு சுருக்கம் பண்ணுதாம். ஒரு வீடியோல சொன்னாங்க."

"நீயும் அதே கம்ப்யூட்டர்தானே பார்க்குற?"

"நான் எங்கப்பா பார்க்கறேன்? ஆன் பண்ணி வச்சிட்டுத் தூங்கிடுவேன்."

அன்று மாலை முழுக்க, திரையைப் பார்ப்பதைக் குறைப்பது எப்படி என்று போனில் படித்தார். மறுநாளும் படித்தார். வாரக் கடைசியில் போனே ஒரு தகவல் அனுப்பியது: அவர் திரை பார்க்கும் நேரம் இரண்டு மடங்காகிவிட்டது.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நிறம் கலந்த க்ரீம் ஒன்று வாங்கிவரச் சொன்னார். நீல ஒளியை அதுதான் தடுக்குமாம்.

"யாருக்குங்க?"

சொல்லவேண்டியதாயிற்று. மனைவி சிரிக்கவில்லை. கைப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எழுபத்தி நாலுன்னா எங்கப்பாவைவிட நீங்க பெரியவர். இனிமே அவர் உங்களை அண்ணன்னுதான் கூப்பிடணும்."

"விளையாடாதே. நீ வேணா வந்து உட்கார்ந்து பாரு."

"எனக்கு என் வயசு தெரியும். அதுகிட்டக் கேக்க வேண்டியதில்ல," என்று உள்ளே போய்விட்டாள்.

அவள் உட்காரவில்லை, மாமனார் உட்கார்ந்தார். அவர் மகள் வீட்டோடு இருப்பவர். செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிப்பார். போனைக் கையால் தொட்டதில்லை. எட்டு மணிக்குத் தூங்கிவிடுவார். "என்ன மாப்பிள்ளை, ஏதோ ஜோசியம் சொல்லுதாமே," என்று வந்து நாற்காலியில் அமர்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

திரை கொஞ்சம் யோசித்தது. இருபத்தொன்பது என்றது. அதற்குக் கீழே, "மீண்டும் முயலவும்" என்று வந்தது.

"நான் எதுக்கு மறுபடி முயலணும்?" என்றார் மாமனார். "இதுவே போதும்."

கிளெய்ம் அதிகாரிக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. திரையைத் தொடாதவருக்கு இருபத்தொன்பது. திரையே கதியென்று கிடப்பவருக்கு எழுபத்து நான்கு. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

மாமனாருக்கு அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். படி ஏறும்போது மருமகனுக்குக் கைகொடுக்க ஆரம்பித்தார்.

கிளெய்ம் அதிகாரி க்ரீமைத் தடவிக்கொண்டு, நீல ஒளியைத் தடுக்கும் மஞ்சள் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு அடுத்த நாள் உட்கார்ந்தார். அறுபத்தாறு என்றது திரை. ஒரே நாளில் எட்டு வயது. மனதுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. கணினி திறக்க மட்டும் வழக்கத்தைவிடச் சற்று நேரம் பிடித்தது.

மஞ்சள் கண்ணாடியால் ஒரு வம்பும் வந்தது. வெள்ளைக் கார் ஒன்றின் கதவை, "வேறு நிறத்தில் மறுபூச்சு செய்யப்பட்டுள்ளது" என்று எழுதி கிளெய்மை நிறுத்திவைத்தார். காரின் சொந்தக்காரி போனில் வந்தாள்.

"சார், என் வண்டி வாங்கினதுலேர்ந்து வெள்ளை."

"படத்துல லேசா மஞ்சளாத் தெரியுதேம்மா."

"உங்க கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க சார்."

அவர் டாக்டரிடம் காட்டினார். ஆனால் கண்ணை அல்ல. தோல் டாக்டர் அவர் முகத்தை விளக்கடியில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் வெளிச்சம் தோலுக்கு வயசாக்கும்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு ஆதாரம் கிடையாது. வெயிலோட வச்சுப் பார்த்தா அது ஒண்ணுமே இல்ல. நீங்க உட்கார்ற இடத்துல ஜன்னல் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"இடது கன்னத்துலதான் புள்ளி அதிகம். கண்ணாடி ஜன்னல் வழியாவும் வெயில் வேலையைக் காட்டும். மேசையைத் தள்ளிப் போடுங்க. காலைல சன்ஸ்கிரீன் தடவுங்க. திரையை உத்துப் பார்த்துக் கண்ணைச் சுருக்காதீங்க, அப்பப்ப எழுந்து நடங்க, நல்லாத் தூங்குங்க. மத்தபடி உங்க வயசுக்கு நல்லாவே இருக்கீங்க."

"எந்த வயசுக்கு டாக்டர்?"

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "நாற்பத்தேழுதானே?"

எல்லாரிடமும் இப்படித்தான் ஆறுதல் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினார். இருந்தாலும் காசு கொடுத்துக் கேட்ட யோசனை. மேசையை இருட்டான மூலைக்கு நகர்த்தினார். திரையையும் தள்ளிவைத்தார். தள்ளிவைத்ததில் எழுத்து தெரியாமல், நெற்றியைச் சுருக்கி முன்னால் குனிந்து பார்க்கவேண்டி வந்தது. ஆனாலும் ஐம்பத்தெட்டு என்றது திரை. வேலைப்பக்கம் திறக்க மூன்று தடவை முகத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

"ரொம்ப மெதுவா இருக்கே," என்றாள் காபி கொண்டுவந்த மனைவி.

"அதால நம்ப முடியல. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சரிபார்க்குது."

"எதை நம்ப முடியல?"

"இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு மாற்றத்தை."

வெற்றி கண்ணில் பட்டபின் நிறுத்த மனம் வருமா? முடி திருத்துபவரிடம் போனார். நரைக்குச் சாயம் ஏற்றி, வருடக்கணக்காக மேலே தூக்கி வாரிய முடியை நெற்றியில் விழவிட்டுக்கொண்டு வந்தார். கதவைத் திறந்த மாமனார், "இன்டர்நெட் சரிபண்ற பையன் வந்திருக்கான்மா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

திரை நாற்பத்தைந்து என்றது. சொந்த வயதுக்கும் கீழே இறங்கிவிட்டார். அன்று காலை கணினி திறப்பதற்குள் காபி ஆறிப்போனது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. விசில் அடித்துக்கொண்டே காத்திருந்தார்.

மனைவிக்குத்தான் முகம் வாடியிருந்தது.

"ஏங்க, இதோட போதுமே. முன்னாடி இருந்ததே எனக்குப் பிடிச்சிருந்தது."

"நீ பார்த்துப் பழகிட்டே. நேர்காணல்ல இருக்கறவங்க அப்படியா?"

"எனக்காகச் சொல்லல. தூங்கி எழுந்து பார்த்தா, பக்கத்துல யாரோ மாதிரி இருக்கு."

அவருக்கு ஒரு கணம் என்னவோபோல் இருந்தது. ஆனால் மாமனாரின் இருபத்தொன்பது கண் முன்னால் வந்து நின்றது. இன்னும் ஒரே ஒரு தடைதான் பாக்கி. மூக்குக்குக் கீழே, கல்லூரி நாளிலிருந்து இருக்கும் தடித்த மீசை.

நேர்காணல் அன்று காலையில் அதை மழித்தார். கண்ணாடியில் மேலுதடு, வெளியே வரக் கூச்சப்பட்டு நின்றது. சட்டை மாற்றி, க்ரீம் தடவி, நேரத்தோடு போய்க் கணினி முன்னால் அமர்ந்தார்.

திரை பதினெட்டு என்றது.

எழுந்து நின்று கத்தாத குறை. அதற்குள் எண் சிவப்பாக மாறியது. "அனுமதி இல்லை" என்று வந்து திரை கறுத்துப்போனது. அவர் முகத்தைத் திருப்பினார், சிரித்தார், க்ரீமைத் துடைத்தார். திரை அசையவில்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிதான் அலுவலகத் தொழில்நுட்ப உதவிப் பிரிவைப் பிடித்து விஷயத்தைச் சொல்லி, நேர்காணல் இணைப்பைத் தன் போனுக்கு வாங்கி, அவர் கையில் கொடுத்தாள்.

போனில் நேர்காணல் குழுவின் தலைவர் தெரிந்தார். ஓரத்தில் உதவிப் பிரிவுப் பெண்ணும் இருந்தாள்.

"அப்பாவைக் கூப்பிடுங்க தம்பி," என்றார் தலைவர்.

"சார், நான்தான் சார்."

"உங்களைப் பார்த்தா அவர் மாதிரி இல்லையே. இப்படி ஆள் மாத்தி உட்கார்றது தப்பு தம்பி."

மனைவி போனுக்குள் எட்டிப்பார்த்தாள். "இவர் என் வீட்டுக்காரர்தாங்க. மீசையை மட்டும் எடுத்துட்டார்." மாமனாரும் பின்னாலிருந்து, "நானும் சாட்சி," என்றார். தலைவருக்கு நம்பிக்கை வரவில்லை. அடிபட்ட கார் ஒன்றின் படத்தைக் காட்டினார். "இதைப் பார்த்து என்ன சொல்வீங்க?"

கிளெய்ம் அதிகாரி போனைக் கிட்டே கொண்டுவந்தார்.

"பம்பர்ல இருக்கறது புது அடி சார். கதவுல இருக்கறது ரொம்ப நாள் முன்னாடி பட்டது, விளிம்புல துரு ஏறிடுச்சு. அதை இதோட சேர்த்துக் கேக்கறாங்க. பம்பருக்கு மட்டும் தரலாம்."

தலைவர் சிரித்துவிட்டார். "சரி, நீங்கதான். உங்களைத் தவிர யாரும் துருவைப் பார்க்கமாட்டாங்க." அதற்கப்புறம் நேர்காணல் நன்றாகவே நடந்தது. முடிவில், "பதவி உங்களுக்குத்தான். ஆனா மீசை வளர்ற வரைக்கும் எல்லாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியது உங்க பொறுப்பு," என்று சொல்லிவிட்டுத் தலைவர் விடைபெற்றார்.

கணினியைத் திறந்து கொடுப்பதற்காக உதவிப் பிரிவுப் பெண் மட்டும் இணைப்பில் இருந்தாள்.

"ஏன் சார் திடீர்னு இப்படி ஆளே மாறிட்டீங்க?"

பதவி கிடைத்த சந்தோஷத்தில் அவர் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். எழுபத்து நான்கில் தொடங்கியது, திரை வெளிச்சம், க்ரீம், படிப்படியாக இறங்கிப் பதினெட்டுக்கு வந்தது வரை. "மெஷினே பதினெட்டுன்னு சொல்லிடுச்சும்மா. கொஞ்சம் அதிகமாப் போயிட்டேன்போல."

அவள் தன் திரையில் அவருடைய பதிவைத் திறந்து பார்த்தாள்.

"சார், அது வயசு இல்ல. வேலைக்குச் சேர்ந்தப்ப எடுத்த போட்டோவோட இன்னைக்கு இருக்கற முகம் நூத்துக்கு எவ்வளவு ஒத்துப்போகுதுங்கற கணக்கு. மொத நாள் உங்களுக்கு எழுபத்தி நாலு வந்ததைப் பார்த்துட்டு, கம்பெனியிலேயே வயசே ஆகாத ஒரே ஆள் இவர்தான்னு எங்க பிரிவுல எல்லாரும் உங்களைத்தான் பேசிக்கிட்டிருந்தோம்."