அட்டையில் மூன்றாவது படம்

நாரிப்பிடிப்பு அருள்நேசனைக் குனியவும் விடவில்லை, நிமிரவும் விடவில்லை. காலை முழுக்க ஸ்ட்ரெதமில் ஒரு மொத்தக் கடைக் கிடங்கில் வெங்காய மூட்டை இறக்கியவர், குளிக்காமல்கூட இராஜேந்திரன் வீட்டுக்கு வந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி கம்பியூட்டருக்கு முன்னால் நின்றார். நாரியைவிட நெஞ்சுதான் கூட எரிந்தது.

திரையில் 'மெக்சிக்கோ மச்சான்ஸ்' இசைக்குழுவின் புது அல்பத்துக்கான முன்னட்டை. எத்தனையோ வருசம் படுத்துக் கிடந்த குழு திரும்ப எழும்பி வருகிற அல்பம். இடப்பக்கம் பாடகன் குலேந்திரன், வலப்பக்கம் அக்கோடியன் றொனால்ட். இருவருக்கும் அஞ்சலி. ஆளுக்கொரு நீள்வட்டச் சட்டம், சுற்றிவரப் பூ, கீழே ஒரு குத்துவிளக்கு.

"நான் எங்கை?"

"பின்னட்டையிலை அங்கிள்," என்று இராஜேந்திரனின் மகள் தக்ஷிகா ஒரு தட்டுத் தட்டிக் காட்டினாள்.

பின்னட்டையில் இராஜேந்திரன் தன் ட்ரம்ஸோடு சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. பெட்டிக்கு மேலால் ஒரு நெற்றி.

"அந்த நெத்தி நீங்கள்தான் அங்கிள்."

நாலு பேரும் லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு டெக்ஸ்-மெக்ஸ் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினவர்கள். டெக்சாஸ் மெக்சிக்கர்களின் அக்கோடியன் பாட்டு அங்கே ஓயாமல் ஓடும். சுடுதண்ணியில் கை வெந்து தோல் உரியும், கால் மட்டும் தாளம் போடும். அந்த மெட்டில் தமிழ்ப் பாட்டுக் கட்டி, அகலத் தொப்பியும் வாங்கிப் போட்டுக்கொண்டு, லண்டன் தமிழ்க் கலியாண வீடுகளையெல்லாம் ஆட வைத்தார்கள். சனம் குலேந்திரனின் குரலுக்கு விசிலடித்தது. றொனால்டின் விரலைப் பார்த்து வாயைப் பிளந்தது. பேஸ் கிற்றார் வாசித்த அருள்நேசனிடம் வந்து, "தம்பி, கை கழுவுற இடம் எங்கை?" என்று கேட்டது.

இத்தனைக்கும் குலேந்திரன் பாட்டின் நடுவில் போடும் "ஆய்... யாய்... யாய்" என்ற கூவலை எப்போதும் அரைத் தாளம் பிந்தித்தான் எடுப்பான். அவன் வந்து சேருமட்டும் அருள்நேசன் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். காலம் முழுக்கப் பிடித்தார். சனமோ, "பிந்தி வாறதிலையும் ஒரு ஸ்டைல்" என்று குலேந்திரனையே மெச்சியது.

றொனால்டை மாரடைப்புக் கொண்டுபோனது. சவப்பெட்டி தூக்கினவர்களில் அருள்நேசனும் ஒருவர். நாரி அன்றைக்குத்தான் முதல் பிடித்தது. குலேந்திரன் டெக்சாஸில் இருக்கும் மகளிடம் போன இடத்தில் முடிந்துபோனான் என்று இரண்டு வருசத்துக்கு முதல் இராஜேந்திரன் வந்து சொன்னான். அங்கேயே எரித்துவிட்டார்களாம். ஒருவரும் போகவில்லை. இராஜேந்திரன் இங்கே ஒரு மண்டபம் எடுத்து முப்பத்தோராம் நாள் சாப்பாடு கொடுத்தான், குலேந்திரனின் பழைய பாட்டுத் தொகுப்பையும் அந்த வாசலிலேயே விற்றான். சோற்றைப் பிசையும்போதும் அருள்நேசனுக்கு எரிந்தது. டெக்ஸ்-மெக்ஸ் பாடினவனுக்குச் சாகக் கிடைத்த இடத்தைப் பார்.

இப்போது முன்னட்டையும் அவனுக்கு.

"எனக்கும் முன்னுக்குப் படம் வேணும்," என்றார் தக்ஷிகாவிடம். "அவங்களின்ரை அளவு. அதே சட்டம், அதே பூ."

"அங்கிள், அந்தச் சட்டம் வந்து..."

"அவங்களுக்குப் பூ. எனக்கு ஸ்பீக்கர் பெட்டி. என்ன நியாயம் பிள்ளை இது?"

தக்ஷிகா தகப்பனைப் பார்த்தாள். இராஜேந்திரன் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துக் கொஞ்சம் யோசித்தான்.

"போட்டு விடு பிள்ளை," என்றான். "விளக்கையும் கொஞ்சம் பெரிசாக்கு."

"அப்ப உன்ரை படம்?"

"எனக்கு உந்தப் பெருமையெல்லாம் வேண்டாமடாப்பா. நான் பின்னுக்கே நிக்கிறன்."

அவ்வளவு கால நட்பில் அருள்நேசனுக்கு இராஜேந்திரனை உண்மையாகப் பிடித்தது அன்றைக்குத்தான்.

விம்பிள்டனிலிருந்து இல்ஃபோர்ட் வரைக்கும் தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் அந்த முன்னட்டையே போஸ்டராக ஏறியது. அடுத்த நாளே, இரண்டு தெரு தள்ளியிருக்கும் அருள்மலர் அக்கா ஒரு சட்டிச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியுமாக வாசலில் வந்து நின்று, அருள்நேசனின் மனைவி சிவகௌரியைக் கட்டிப்பிடித்துக் குழறினா.

"ஒரு சொல்லுச் சொல்லேல்லையே பிள்ளை. போஸ்டரைப் பாத்துத்தானே அறிஞ்சனான்."

சிவகௌரிக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "ஐயோ அக்கா, அவர் உயிரோடைதான் இருக்கிறார். மேலை குளிக்கிறார். தண்ணிச் சத்தம் கேக்கேல்லையோ?"

"ஓம் பிள்ளை," அருள்மலர் அக்கா அவளின் முதுகைத் தடவினா. "என்ரை மனுசன் போனாப் பிறகும் எனக்குக் கன நாள் அந்தச் சத்தம் கேட்டது."

அருள்நேசன் இறங்கி வந்தபோது சட்டி மட்டும் மேசையில் இருந்தது. கதையைக் கேட்டபடியே இரண்டு கோப்பை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

"உங்கடை செத்த வீட்டுச் சோத்தை நீங்களே வழிச்சுத் தின்னுறியளே, வெக்கமாயில்லையோ?"

"றொனால்ட் வீட்டுக்கு வெறும் இடியப்பம்தான் வந்தது," என்றார் அருள்நேசன்.

டெலிபோன் ஓயவில்லை. கிடங்கில் வேலை செய்பவர்கள் போலந்துக்காரரும் கானாக்காரரும் என்பதால் அங்கே மட்டும் அவர் உயிரோடு இருந்தார். கடைசியில் சிவகௌரி தமிழ் வானொலிக்கு எடுத்து, போனை அவர் கையில் திணித்தாள். "சாகேல்லை எண்டு உங்கடை வாயாலை சொல்லுங்கோ."

வானொலியில் அறிவிப்பாளர் றூபினி நேயர்களின் அஞ்சலியை எடுத்துக்கொண்டிருந்தாள். லைனில் காத்து நின்றவரின் காதில் ஒரு குரல் விழுந்தது: "அருள்நேசன் அண்ணையின்ரை பேஸ் இல்லாட்டி அந்தப் பாட்டுகள் கால் உடைஞ்ச கதிரை மாதிரி." அருள்நேசன் போனைக் காதோடு அழுத்தினார். இதைச் சொல்ல ஒருத்தருக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. அடுத்த குரல் வந்தது: "எண்டாலும் குலேந்திரனுக்குக் கிட்ட நிக்க ஏலுமே?"

"வணக்கம், அடுத்தது ஆர் கதைக்கிறியள்?"

சிவகௌரி முழங்கையால் இடித்தாள்.

"நான்... அருள்நேசனை நல்லாத் தெரிஞ்ச ஒராள்," என்றார் அருள்நேசன். "அந்தக் குலேந்திரன் ஒரு நாளும் தாளத்துக்கு வந்ததில்லை. அருள்நேசன்தான் அவனைத் தாங்கிப் பிடிச்சது. குழுவின்ரை முதுகெலும்பே அந்த மனுசன்தான். அப்பிடி ஒருத்தன் இனிக் கிடைக்கமாட்டான் தங்கச்சி."

குரல் தன்பாட்டில் தழுதழுத்தது. றூபினியும் மூக்கை உறிஞ்சினாள். சிவகௌரி எழும்பிப் போய், அருள்மலர் அக்காவின் சட்டியைக் கழுவத் தொடங்கினாள்.

இல்ஃபோர்ட் வெளியீட்டு விழாவுக்கு டிக்கெட் முழுக்க முடிந்துபோனது. அருள்நேசன் கிற்றாருக்குப் புதுக் கம்பி போட்டுக்கொண்டிருந்தபோது இராஜேந்திரன் வந்தான்.

"மச்சான், நீ மேடைக்கு வரேலாது."

"ஏன்?"

"சனம் உனக்கு அஞ்சலி செய்ய எண்டு வருது. நீ வந்து ஏறி நிண்டா அதுகள் என்ன நினைக்கும்?"

"அப்ப பேஸ்?"

"என்ரை மருமோன் அபிஷன் வாசிப்பான். பாடவும் பாடுவான். இந்த ஒரு முறைதான், அடுத்ததுக்கு நீ ஏறு." அருள்நேசனின் முகத்தைப் பார்த்துவிட்டு இராஜேந்திரன் குரலை இறக்கினான். "உன்ரை படத்தை மேடை அகலத்துக்குத் திரையிலை போடுறன். ஒரு பாட்டு முழுக்க."

"குலேந்திரன்ரை?"

"அரைப் பாட்டு."

அருள்நேசன் கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

விழாவன்று தொப்பியை இழுத்துவிட்டு, கழுத்துத் துணியால் வாயை மூடிக்கொண்டு, மண்டபத்தின் பின்சுவரோடு நின்றார். திரையில் அவருடைய முகம் எழுந்தபோது சனமெல்லாம் எழும்பி நின்றது. முன்வரிசையில் அழுதார்கள். இதைத்தான் காலம் முழுக்கக் கேட்டார், கிடைத்தது. ஆனால் அந்தப் படத்தில் இருந்தவன் மேல் அவருக்கு எரியத் தொடங்கியது. அவனுக்கு நாரி நோகவில்லை. அவனுக்குக் காலையில் ஷிப்ட் இல்லை. கைதட்டெல்லாம் அவனுக்கு, மிச்சம் அபிஷனுக்கு. "அருள்நேசனே திரும்பி வந்து வாசிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் முன்னால் இருந்த ஒரு ஐயா. அருள்நேசனின் இடக்கை விரல்கள் கோட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தன.

இராஜேந்திரன் மைக்கைப் பிடித்துக் கண்ணைத் துடைத்தான். "மூண்டு பேரையும் பறிகுடுத்திட்டு நான் ஒருத்தன் மிஞ்சி நிக்கிறன். இண்டையிலிருந்து அபிஷன்தான் எங்கடை நிரந்தர பேஸ்."

மண்டபம் அதிர்ந்தது.

நிரந்தரம். அருள்நேசன் ஓரடி முன்னுக்கு வைத்தார். ஓடிப்போய் மேடையில் ஏறிக் கழுத்துத் துணியைக் கழற்றி எறிந்தால் என்ன? ஆனால் அதற்குள் கடைசிப் பாட்டுத் தொடங்கிவிட்டது, கூவலுக்கான இடமும் வந்தது. அபிஷன் கூவவுமில்லை, சுரத்தைப் பிடித்து நிற்கவுமில்லை. அதைத் தாண்டிப் போய்விட்டான். அருள்நேசனின் விரல் மட்டும் பழக்கத்தில் பொத்தானை விடாமல் பிடித்து நின்றது.

சரியாக அரைத் தாளம் பிந்தி, பக்கத்தில் யாரோ மெல்லிய குரலில் கூவினார்கள்.

"ஆய்... யாய்... யாய்."

அருள்நேசன் திரும்பினார். அவரைப் போலவே தொப்பியும் கழுத்துத் துணியுமாக ஒருத்தர் சுவரோடு சாய்ந்து நின்று றோல்ஸ் தின்றுகொண்டிருந்தார். துணியைக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

"எங்களிலை றொனால்ட் ஒருத்தன்தான் மச்சான் உண்மையாச் செத்தவன்," என்றான் குலேந்திரன். "என்ரை முப்பத்தோராம் நாள் சோறு இன்னும் இவன் இராஜேந்திரன் எனக்குத் தரவேண்டிக் கிடக்கு."