சலவைக்கூடப் பாட்டில் நான்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, தம்பி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். இதைப் படிக்கத் தெம்பு வேண்டும் அல்லவா?

என் மகள், உங்கள் அருமை மருமகள், இசை படிக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தோமே, அது மேடைப் பாட்டு இல்லையாம். வேலை செய்கிறவர்கள் பாடுவதைப் பதிவு செய்து, அந்தப் பாட்டை வைத்தே அவர்களுக்கு ஏதாவது நல்லது நடக்கச் செய்ய வேண்டுமாம். எத்தனையோ இடம் இருக்க, நான் மேற்பார்வையாளராக இருக்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அங்கேதான் என் புத்தி கெட்டது. ஈரப் போர்வையை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனை பிடித்து உதறும்போது, ஒருத்தி ஒரு வரி பாட, எதிரில் நிற்பவள் பதில் பாடுகிறாள். பாட்டு முழுக்க நான். 'சன்னலைத் திறக்காத சாமி, சாமி ரூமுக்கு ரெண்டு ஃபேனு' என்று ஆரம்பிக்கிறது. என் நடைக்கென்று தனியாக ஒரு சரணமே இருக்கிறது அக்கா. துவைச்ச துணியில தூசி படியுமேன்னு சன்னலைச் சாத்தினேன், அதுக்கு இப்படியா?

வெள்ளிக்கிழமை நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பாடித்தான் நீராவி வெளியே போக வழி கேட்கப்போகிறார்களாம். ரிட்டயர் ஆக ஒரு வருஷம்கூட இல்லாத நேரத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இது போதாதென்று, அவ ரெக்கார்டரை என் மூக்குக்குக் கீழே நீட்டி, "அப்பா, பாட்டுல நீங்க இருக்கீங்க. உங்க சம்மதம் இல்லாம இதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோக மாட்டோம். எங்க படிப்புல அதுதான் முறை"ங்கறா.

"பேசிக் கேக்கலாமேம்மா?"

"பேசிக் கேட்டதெல்லாம் உங்க மேஜையோட நின்னுடுச்சாம்ப்பா."

எனக்குச் சோறு இறங்கல. மாட்டேன்னா பொண்ணு மூஞ்சியில முழிக்க முடியாது, சரின்னா மேனேஜர் மூஞ்சியில முழிக்க முடியாது. பயமா இருக்குக்கா. உடனே கிளம்பி வாங்க, அத்தை சொன்னாத்தான் அவ கேப்பா.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் எப்போதும் வேண்டும், இந்த வாரம் சற்றுக் கூடுதலாக.

உங்கள் தம்பி

பி.கு.: கிளம்ப வேண்டாம். மாட்டேன் என்று சொல்லத்தான் இன்று கூடத்துக்குள் போனேன். ஒருத்தி வேலைக்கு வரவில்லை என்று போர்வையின் மறுமுனையை என் கையில் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்திலேயே சட்டை தொப்பலாகி மூச்சு முட்டியது. பதில் வரி என் பக்கம் வந்ததால் என்னை நானே திட்டிப் பாடினேன்; உள்ளதைச் சொன்னால், மனசாரப் பாடினேன். "அப்பா, இதைச் சம்மதம்னு எடுத்துக்கலாமா?" என்றாள். எடுத்துக்கோ என்றேன். வெள்ளிக்கிழமை நானும் பாடுகிறேன். உங்கள் மாடி அறையை ஒழித்து வையுங்கள், சனிக்கிழமை அநேகமாக அங்கே இருப்பேன்.