டோக்கன் தொங்கினால் வண்டி நகராது

எமனே வந்து நின்றாலும், "மொதல்ல டோக்கன மாட்டச் சொல்லுங்க, அப்புறம் ஆள இட்டுகினு போங்க" என்று வாசலை மறிக்கக்கூடிய ஒரே மனிதர் இந்தப் பூவுலகில் எங்கள் நெய்வேலியில்தான் இருந்தார். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியல் போட்டவர்களுக்கு அது தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் டோக்கன்.

சுரங்கத்தின் டைம் ஆஃபீஸில் அவருக்கு வேலை. அந்தக் காலத்தில் ஷிப்டுக்கு இறங்குகிறவன் தன் எண் பொறித்த டோக்கனை, ஒரு பித்தளை வில்லையை, பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். மேலே வந்ததும் அவனே எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் ஒரு வில்லை தொங்கினால் ஓர் ஆள் இன்னும் குழிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். கடைசி வில்லையை எடுக்கும்வரை ஆட்களை ஏற்றிப்போகும் வண்டி நகரக் கூடாது. பிறகு அட்டை தேய்க்கும் இயந்திரம் வந்தது, விரல் வைக்கும் இயந்திரம் வந்தது. டோக்கன் எதையும் நம்பவில்லை. ஓய்வு பெற்ற அன்று, போர்த்திய பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்டோரில் கிடந்த பழைய பலகையைக் கேட்டு வாங்கி மொபெட்டில் கட்டிக்கொண்டு போனார்.

ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். டவுன்ஷிப்புக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட கூட்டத்தில் அவரும் நானும் எதிரெதிர் வாசல் ஆனோம். பலகை இப்போது அவர் வீட்டு வாசலில். வெளியே போகிறவர் டோக்கன் மாட்ட வேண்டும், திரும்பி வந்தால் எடுக்க வேண்டும். மனைவி, மகள், விடுமுறைக்கு வந்த மாப்பிள்ளை, யாருக்கும் விலக்கு இல்லை. மாப்பிள்ளை ஒருமுறை மறந்துபோய் உள்ளே வந்து படுத்துத் தூங்கிவிட்டார். டோக்கன் தெருமுனை வரை போய், "எங்க வூட்டு மாப்ளய யாராவது பாத்தீங்களா?" என்று விசாரித்துவிட்டு வந்தார்.

ஒருநாள் அவருடைய மனைவி கோபித்துக்கொண்டு குறிஞ்சிப்பாடி அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது டோக்கனை மறக்காமல் மாட்டிவிட்டுத்தான் போனார். அவ்வளவு கோபத்திலும் அந்தப் பயம் இருந்தது. ஒரு வாரம் கழித்து நான், "வீட்ல அம்மா இல்லீங்களா?" என்று கேட்டேன். அவர் பலகையை அண்ணாந்து பார்த்தார். "இன்னும் மேல வரலைங்க சார்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் வீடு வந்து சேர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவரைப் பார்த்து நான் நிறையச் சிரித்திருக்கிறேன். அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன், ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிப் பழகியவன். ஒரு பித்தளை வில்லைக்காக உயிரை விடுகிற மனிதர் எனக்கு வேடிக்கைப் பொருளாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அதை இப்போது வருத்தத்தோடு எழுதுகிறேன்.

எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் வேன் பிடித்து மாமல்லபுரம் போனோம். மைக்கில் பேசத் தெரிந்தவன் என்பதால் நான் தலைவர். யாரும் கேட்காமலே டோக்கன் பாதுகாப்பு அலுவலர் ஆனார். பண்ருட்டி பாத்திரக் கடையில் சொல்லி எல்லோருக்கும் புது வில்லை அடித்துக்கொண்டு வந்திருந்தார். பலகை வேன் கதவுக்கு உட்புறம் ஏறியது. இறங்கினால் மாட்டு, ஏறினால் எடு. திண்டிவனத்தில் காபி குடிக்க இறங்கியபோது என் மனைவி கோமதி டோக்கனை எடுக்காமல் ஏறிவிட்டாள். டோக்கன் நடுரோட்டில் நின்று, "கோமதியம்மா! மேல வந்துட்டீங்களா, இல்ல உள்ளாற கீறீங்களா?" என்று குரல் கொடுத்தார். வேனே குலுங்கியது. கோமதியும் சிரித்தாள். எனக்கு மட்டும் சுருக்கென்றது.

நெய்வேலிக்காரனைப் பாறை பார்க்க அழைத்துப்போகக் கூடாது. எங்களுக்கு மலை என்றால் சுரங்கத்தில் தோண்டி நாங்களே கொட்டிய மண்மலைதான். சரிவில் வழுக்கி விழுந்துவிடுவதுபோல் நிற்கிறதே, அந்த வெண்ணெய் உருண்டைப் பாறை, அதைப் பார்த்ததும் ஆண்கள் எல்லோருக்கும் கை பரபரத்தது. மின்நிலையத்தில் வேலை பார்த்த கோயமுத்தூர் நண்பர், "ஏனுங், நம்ம மெஷின் ஒண்ணு இருந்தா அரை ஷிப்டுல எடுத்துப்போடலாமுங்க" என்றார். எடுத்து எங்கே போடுவது என்று பெரிய விவாதம் நடந்தது. பெண்கள் பாறைக்கு அடியில் நின்று, கையால் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொள்ளக் கிளம்பினார்கள். அதற்குள் டோக்கன் பலகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டார். "பாறைக்கு அடியில போறவங்க மாட்டிட்டுப் போங்க!" வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதுவும் கோயில் சடங்கு என்று நினைத்து வரிசையில் நின்றார்.

கடைசியாகக் கலங்கரை விளக்கம். கருங்கல் குன்றின் மேல் கருங்கல்லாலேயே கட்டிய கோபுரம். பக்கத்துப் பாறையில் ஒரு பழைய கோயில். கோபுரம் வருமுன் அதன் தலையில்தான் விளக்கு ஏற்றினார்களாம். கோயமுத்தூர் நண்பர் அண்ணாந்து பார்த்து, "நம்ம சிம்னில பாதிகூட இல்லீங்களே" என்று உதட்டைப் பிதுக்கினார். டோக்கன் மட்டும் கைகட்டி நின்றார்.

"சார், இது கடலுக்கு டைம் ஆஃபீஸுங்க."

"எப்படி?"

"வெளிய போனவன் திரும்பி வர்ற வரைக்கும் ஒருத்தன் வெளக்க வச்சிகினு உக்காந்திருக்கணும். அதான சார் நம்ம வேல?"

நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

கோமதி என் சட்டையைத் தொட்டாள். "ஏறிப் பாத்துட்டு வந்துருவோமா?"

"உன் முழங்காலுக்கு இது தேவையா? மேல போனா என்ன இருக்கு, கீழ தெரியுற அதே கடல்தான்."

"அதில்லங்க. நெய்வேலிக்கு வந்த நாள்லருந்து குழியத்தான எட்டி எட்டிப் பாத்துட்டு இருந்தோம்? ஒரு தடவ மேல ஏறிப் பாக்கணும்."

"சும்மா உக்காரு" என்று சொல்லிவிட்டு நான் இளநீர் குடிக்கப் போய்விட்டேன். என் முழங்காலும் சரியில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வேனுக்குத் திரும்பியபோது எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் ஒரே பேச்சும் சிரிப்பும். பலகையில் கோமதியின் டோக்கன் தொங்கியது. மறுபடியும் எடுக்காமல் ஏறிவிட்டாள் என்று நினைத்தேன். இன்னொரு முறை நடுரோட்டில் அவள் பெயர் ஏலம் போடப்படுவதை நான் விரும்பவில்லை. என்னுடையதோடு அவளுடையதையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

வாசலில் நின்ற டோக்கன் கேட்டார். "அம்மா எங்கங்க சார்?"

"உள்ளதான் இருக்கா."

தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டும் பார்க்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து முகம் துடைத்தேன். மற்றவர்கள் ஏறி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. டிரைவர் சேத்தியாத்தோப்புப் பையன். "சார், போலீசு வண்டிய எடுக்கச் சொல்லிக் கத்துறாரு" என்று அவசரப்படுத்தினான். "எல்லாரும் ஏறியாச்சு, எடுப்பா" என்றேன். தலைவர் அல்லவா!

கல்பாக்கம் தாண்டியபோது பலகையில் ஏதோ கிணுகிணுவென்று ஆடியது. கோயமுத்தூர் நண்பர் குனிந்து பார்த்து, "இது யாரோட டோக்கனுங்க?" என்றார். ஒருவர் எண்ணைப் படித்தார். அது டோக்கனின் டோக்கன்.

வேன் முழுக்க வெடித்தது சிரிப்பு. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவர் தன்னுடையதை எடுக்க மறந்துவிட்டார்! எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். "டோக்கன், மேல வந்துட்டீங்களா, இல்ல உள்ளாற கீறீங்களா?" என்று அவர் குரலிலேயே கத்தினேன். ஆளைக் காணோம். போன் போட்டோம். அவருடைய சீட்டில் கிடந்த மஞ்சள் பைக்குள்ளிருந்து போன் மணி அடித்தது. சிரிப்பு இன்னும் கூடியது. விட்டுவிட்டு வந்துவிட்டோம், வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.

இந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்கத்தான் நான் கோமதியைத் திரும்பிப் பார்த்தேன்.

கோமதி இல்லை.

பையில் கை வைத்தேன். இரண்டு வில்லைகள் ஒன்றோடொன்று உரசின. பெண்கள், "அம்மா உங்களோட முன்னால இருக்காங்கன்னு நெனச்சோம்" என்றார்கள். திரும்பிய அந்த வண்டி அவளைத் தேடித் திரும்பவில்லை, டோக்கனைத் தேடித் திரும்பியது. பலகையில் அந்த ஒற்றை வில்லை தொங்கியிராவிட்டால் பாண்டிச்சேரியில் சாப்பிட உட்காரும்போதுதான் எனக்கு மனைவி நினைவு வந்திருக்கும். வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சுரங்கத்தில் இன்னொருவன் டோக்கனை எடுப்பதுதான் பெருங்குற்றம். அப்படி எடுத்தவர்களுக்கு மெமோ கொடுத்த கை இது.

பிறகு கோமதி சொல்லித் தெரிந்தது இவ்வளவு. நான் இளநீருக்குப் போனதும் அவள் தனியாக ஏறிவிட்டாள். உச்சியில் நின்று கடலைப் பார்த்தாளாம். இறங்கப் பார்த்தால் முழங்கால் பூட்டிக்கொண்டது. படியில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பையும் போனும் வேனில். அந்த நேரத்தில் கீழேயிருந்து மூச்சு வாங்க ஏறி வந்திருக்கிறார் டோக்கன். வேனில் ஏறியது ஓர் ஆள், எடுத்தது இரண்டு டோக்கன். அவருக்கு அது பொறுக்குமா? தேடப் போகும்போது, சட்டப்படி, தன் டோக்கனை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அவளைக் கொஞ்சம் ஆசுவாசப்படுத்தி, சாளரம் வழியாகக் காற்று வாங்கச் சொன்னபோது, கீழே எங்கள் வேன் கிளம்பிப் போவதைக் கோமதி பார்த்துவிட்டாள்.

"ஐயோ, வண்டி போகுதே!"

டோக்கன் எட்டிப் பார்த்தாராம். "அது நம்ம வண்டி இல்லீங்கம்மா."

"நம்மதுதாங்க. மேல ஜமக்காளம் கட்டியிருக்கு பாருங்க."

"ஜமக்காளம் ஆயிரம் வண்டில இருக்கும். என் டோக்கன் பலகையில தொங்குது. நம்ம வண்டி நவுராது. பதறாம காலப் பாத்து வைங்க."

அதற்குமேல் அவளுக்கு வாதாட மனம் வரவில்லை. அந்த நம்பிக்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கியிருக்கிறாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருவரும், கோமதியின் கால் ஆறட்டும் என்று, ரோடு தெரியாத பக்கமாகக் குன்றின் பாறைச் சரிவில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள். இறங்கி வந்து பார்த்தால் வேன் பழைய இடத்திலேயே நின்றது. டோக்கனின் முகத்தில் வெற்றி. "பாத்தீங்களாம்மா, நிக்குதுல்ல?" என்றார். கோமதி என்னைப் பார்த்தாள். வேனில் இருந்தவர்களைப் பார்த்தாள். "ஆமாங்க, நின்னுட்டுதான் இருக்கு" என்றாள். அத்தனை பேரும் தலையாட்டினோம்.

என்னிடம் வந்தார். குரல் மாறியது. "சார், ஒருத்தரு ரெண்டு டோக்கன் எடுக்கக் கூடாதுங்க. அம்மாவோடத மாட்டுங்க. அவங்களே எடுக்கட்டும்." நான் மாட்டினேன். கோமதி அதை எடுத்துக்கொண்டு ஏறினாள். கடைசியாக டோக்கன் தன்னுடையதை எடுத்தார். "இப்ப எடுப்பா" என்றார் டிரைவரிடம். அன்றிலிருந்து அவர்தான் தலைவர்.

போன வருடம் மகள் கூப்பிட்டாள் என்று அவரும் மனைவியும் பெங்களூர் போய்விட்டார்கள். கிளம்பும் அன்று சுத்தியலோடு எங்கள் வாசலுக்கு வந்து, நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்துத் தன் டோக்கனை மாட்டினார். "வந்து எடுத்துக்கறங்க சார்" என்றார். இந்தப் பத்திரிகையை மகள் அவருக்கு வாங்கிக் கொடுப்பாள். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: டோக்கன், அன்றைக்கு வண்டி நகர்ந்தது. நகர்த்தியவன் நான். திருப்பியது உங்கள் வில்லை.

போன மாதம் சென்னையிலிருந்து மகன் வந்தான். "இங்க தனியா இருந்து ரெண்டு பேரும் என்னப்பா பண்றீங்க? வீட்டக் குடுத்துட்டு எங்களோட வந்துருங்க" என்றான்.

கோமதி நிலைப்பக்கம் கையைக் காட்டினாள். "எப்படிடா கெளம்புறது? ஒரு ஆளு இன்னும் வெளிய இருக்காருல்ல."