காற்றைக் கட்டிய செப்புக்கம்பி

புயல் கரையேற இன்னும் ஒரு பகல் இருந்தது. அதற்குள் வாயுசித்தர் செட்டியார்பட்டிக்கு வந்து இறங்கிவிட்டார். ஜீப், மைக் செட், கூலிக்குப் பிடித்த நாலு சீடர்கள்! போன வருஷம்வரை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெயபாண்டி என்ற பெயரில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றவர். தண்ணீர் கைவிட்டதும் காற்றைப் பிடித்துக்கொண்டார்.

காலையிலேயே அரசாங்க ஆட்டோ தெருத்தெருவாகக் கத்திவிட்டுப் போயிருந்தது. "புயல் கரையேறினாலும் ஆபத்து தீராது. புயலுக்குள்ளேயே திடீர்ச் சுழற்காற்று கிளம்பலாம். தகரக் கூரையின் கீழ் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள்." ஒருத்தரும் அசையவில்லை. அதையே சித்தர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதும் ஊரே திரண்டது.

"புயல விடுங்க. அதுக்குள்ள ஒளிஞ்சு வருதான் பாருங்க சுழலி, அவன்தான் ஆளத் தூக்குவான்! எங் கம்பி நட்ட எடத்துல அவன் கால் வைக்க மாட்டான். யாரும் எங்கயும் ஓட வேண்டாம்!"

அவர் விற்ற செப்புக்கம்பியின் தலையில் சூலம், சிலுவை, பிறை எது கேட்டாலும் கிடைத்தது. மத நல்லிணக்கத்தில் சித்தரை மிஞ்ச ஆளில்லை.

தேவகிருபை சிலுவை வைத்ததாகப் பார்த்து வாங்கினாள். தகரக் கொட்டகையில் அவளுக்கு நாலு பேண்டேஜ் தறி. மறுநாள் லாரிக்குச் சரக்கு ஏற்றியாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போனால் தறி நிற்கும். கம்பி நட்டால் தறி ஓடும். பக்தி பிறக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

கொட்டகை வாசலில் கம்பி நட்டு, அதன் உச்சியில் சித்தர் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார். வேப்பமரம் ஆடியது, கொடியில் காய்ந்த சேலை பறந்தது. சித்தரின் துணி மட்டும் அசையாமல் தொங்கியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாத்தியா? காத்து கட்டுப்பட்டுருச்சு. ஏட்டி ஆரிபா, தறிய ஓட்டு" என்றாள் தேவகிருபை.

தறி ஓட்டும் ஆரிபா நகரவில்லை. அவள் கைக்குழந்தை அஸ்ஃபியா கூரைக் குழாயில் கட்டிய தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

"செத்த நேரம் பொறுங்கக்கா. அந்தத் துணிய ஒரு தடவ தொட்டுப் பாக்கேன்."

"தொட்டா சக்தி போயிரும்!" சித்தர் பாய்ந்தார்.

"புயலையே நிறுத்துற சக்தி எங் கை பட்டா போயிருமாக்கும்?"

அதற்குள் அவள் கை துணிமேல் இருந்தது. தினம் பாவும் ஊடையும் பார்க்கும் கை அல்லவா! "பேண்டேஜ் துணிக்கு ஏதுக்கா இம்புட்டுக் கனம்? அதே கம்பிதான், அதே காத்துதான். நம்ம தறித் துணியக் கட்டிப் பாப்போமா?"

கட்டினாள். கட்டிய மறுகணமே அது படபடவென்று பறந்தது. சித்தரின் துணியைத் தேவகிருபையே வாங்கி ஓரத் தையலைப் பிரித்தாள். மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. சுழலியை நிறுத்த வந்தவர் ஜீப்பை நோக்கி ஓடிய வேகத்தில்தான் அன்றைய முதல் சுழற்காற்றே கிளம்பியது.

தேவகிருபைக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. கொட்டகையின் மெயின் சுவிட்சை அணைத்தாள். தொட்டிலை அவளே அவிழ்த்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். ஊர் பின்னாலேயே போனது.

மறுநாள் மதியம் சுழற்காற்று வந்தது. மூன்றே நிமிஷம். மழை விட்டதும் போய்ப் பார்த்தார்கள். கொட்டகையின் கூரை பருத்திக் காட்டில் கிடந்தது. தொட்டில் கட்டியிருந்த குழாய் வளைந்து தறிமேல் விழுந்திருந்தது. செப்புக்கம்பி மட்டும் நட்டது நட்டபடி நின்றது.

பக்கத்துத் தறிக்காரர் கருத்தையா பரவசமாகிவிட்டார். "பாத்தீகளா! கம்பிக்கு ஒண்ணும் ஆகல! எதோ சக்தி இருக்கத்தான் செய்யுது!"

தேவகிருபை கம்பியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள்.

"நம்ம ஊர்ல வெலைக்கு வார துணி ஒவ்வொண்ணையும் தடவிப் பாத்துத்தாண்ணே வாங்குதோம். அவன் கட்டுன துணிய மட்டும் கும்பிட்டோம். அந்தப் புள்ள தொட்டுப் பாக்கலன்னா, இந்நேரம் ஆஸ்பத்திரில அதே துணிய நமக்குக் கட்டுப் போட்டுட்டு இருப்பாக."