மேனேஜரின் தூக்கப் பதிவேடு

நடுராத்திரியில் விழித்துக்கொள்ளும் சின்ன நாய்க்கு உதவி செய்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்ட ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. பகலில் அடையாளம் காண்பது சுலபம். கண் சிவந்திருக்கும், பையில் நோட்டு இருக்கும், “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால், “நேத்தும் ரெண்டரைக்கு எழுந்துடுச்சு” என்று பதில் வரும். நீங்கள் விசாரித்தது அவரை. அவர் சொல்வது நாயைப் பற்றி.

ஒருவரைக் காட்டுகிறேன். லிஃப்ட் மெக்கானிக். ஒரு மாதத்துக்கு முன்பு இவருடைய அம்மா இறந்துபோனார். அம்மா வளர்த்த முழ நீள நாய் இவர் வீட்டுக்கு வந்தது. ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் பார்த்துக் குரைப்பதால் அம்மா அதற்கு வைத்த பெயர் மேனேஜர்.

வந்த முதல் இரவே மேனேஜர் இரண்டரை மணிக்கு எழுந்து முனகியது. இந்த இனத்துக்கு அது போதாதா?

நீங்களும் நானும் என்ன செய்வோம்? தடவிக் கொடுத்துவிட்டுப் படுப்போம். இவர் நோட்டுப் போட்டார். தேதி, நேரம், கோளாறு, எடுத்த நடவடிக்கை என்று நான்கு கட்டம். லிஃப்ட் நடுமாடியில் நின்றால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது, ஒரு தடவைக்கு ஒன்றுதான் என்பது தொழில் பாடம். ஆகவே ஒருநாள் கூடையை ஜன்னலிலிருந்து நகர்த்தி, மறுநாள் போர்வையை மாற்றி, அதற்கடுத்த நாள் சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, இன்னொரு நாள் தெருவை மூன்று சுற்று நடத்தி, மூன்றாவது சுற்றில் மேனேஜர் உட்கார்ந்துவிட்டதால் அதைத் தூக்கிக்கொண்டு தானே நடந்து, ஒவ்வொரு ராத்திரியும் இரண்டரைக்கு அலாரம் வைத்து, டார்ச்சும் கையுமாகக் கூடையருகே குந்தி, நாய் எழுகிறதா என்று பார்த்தார். எழுந்தது. தவறாமல் எழுந்தது. குறித்துக்கொண்டார்.

மனைவி பஸ் ஓட்டுகிறவர். விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டும்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். அப்புறம் இது உங்க அக்கா வீட்டுக்குப் போகட்டும்” என்றார்.

“அக்கா கொல்லையில கட்டிப் போட்டுடுவா.”

“நான் பஸ்ஸைக் கொண்டுபோய் எதுலயாவது மோதினா பரவாயில்லையா?”

“கோளாறை நெருங்கிட்டேன்மா. கொஞ்சம் பொறு.”

அம்மாவைப் பறிகொடுத்தவரிடம் இப்படியா பேசுவது என்கிறீர்களா? அவர் பறிகொடுத்தவர் மாதிரி நடந்துகொண்டால் அல்லவா! ஆஸ்பத்திரியில் அம்மாவைக் கீழே கொண்டுவந்தபோது, அக்கா சுவரில் சாய்ந்து கதற, இவர் “லிஃப்ட் தரைக்கு அரை அங்குலம் மேல நிக்குது, யாராவது பார்க்கணும்” என்றார். அழவில்லை. அப்போதும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. அம்மா விட்டுப்போனதில் மூச்சு விடுவது இந்த நாய் ஒன்றுதான். அதையும் கொல்லையில் கட்டிவிட்டால்?

சனிக்கிழமை காலை நோட்டைத் திறந்தார். மனைவியின் கையெழுத்து.

2.29: நாய் நல்ல தூக்கம். குறட்டை.
2.30: அலாரம்.
2.31: நீங்க.
2.32: மூஞ்சியில டார்ச்.
2.33: நாய் எழுந்தது.

கோளாறு என்ற கட்டத்தில் ஒரே சொல்: ‘நீங்க.’

“ராத்திரி முழிச்சிருந்தியா?”

“இன்னிக்கு லீவுதானே. நான் ஒரு ராத்திரி. நீங்க ஒரு மாசம்.”

“முதல் நாள் அதுதானே எழுந்துச்சு?”

“புது இடம், எழுந்துச்சு. அப்புறமெல்லாம் நீங்கதான் எழுப்பினீங்க.”

நோட்டை மூடினார். “அலாரம் வைக்கலைன்னாலும் எனக்குத் தூக்கம் வராது. அம்மா…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அழணும்னா படுத்துக்கிட்டே அழுங்க. அதுவாவது தூங்கட்டும்.”

அன்றிரவு அலாரம் இல்லை. அவர் படுத்துக்கொண்டே அழுதார். மேனேஜர் விடிகிறவரை அசையவில்லை.

ஞாயிறு காலை அக்கா போன் செய்தார். “நாயைத் தூக்கிட்டுப் போக எப்ப வரட்டும்?”

“அது நல்லாத் தூங்குது அண்ணி. வேணும்னா உங்க தம்பியைக் கூட்டிட்டுப் போங்க” என்றார் மனைவி.

நாய் வளர்க்காத நீங்கள் நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், தூங்கும் பிள்ளைக்குப் போர்வை விலகியிருக்கிறதா என்று விளக்கைப் போட்டுப் பார்த்து, தூங்கும் அப்பாவுக்கு மூச்சு சீராக வருகிறதா என்று மூக்கருகே விரலை நீட்டி, போதாக்குறைக்கு “தூங்குறீங்களா?” என்று கேட்டும் வைத்து, காலையில் ஆபீஸில் போய் “எங்க வீட்டுல யாருக்குமே சரியாத் தூக்கம் இல்லை” என்று அலுத்துக்கொள்கிறவர் யார்? சந்தேகமாக இருந்தால் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இப்போது வேண்டாம். தூங்குகிறார்கள்.