பர்ர் மிஸ் ஒட்டிய பச்சைச் சேலை

கத்தரிக்கோல் என்ற சாமான் இன்னும் கண்டுபிடிக்கப்படவே இல்லை என்ற நம்பிக்கையில் வாழ்பவர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். எங்கள் பள்ளியின் கைவினை டீச்சர். அவருக்குப் பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளத்தன்று மட்டும் அது வெளியே வரும். மற்ற நாட்களில் அவர் 'பர்ர் மிஸ்'. காகிதம் கிழியும் சத்தம் முன்னால் வரும், பின்னாலேயே அவர் வருவார்.

அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டியது பள்ளி. நான் அங்கே கணக்கு வாத்தியார். ஒருநாள் மேஜையில் வைத்த சர்க்குலரைக் காணோம்.

"இங்க இருந்த சர்க்குலர் எங்கங்க மிஸ்?"

"பறந்துருச்சுங்க சார்" என்று ஜன்னலைக் காட்டினார். கம்பிகளில் வரிசையாகக் கொக்குகள். ஒரு கொக்கின் வயிற்றில் 'தவறாமல் கலந்துகொள்ளவும்' என்றிருந்தது.

காகிதத்தைக் காதருகே உதறிப் பார்த்துத்தான் கிழிப்பார். செய்தித்தாளை நீளவாக்கில் இழுத்தால் நூல் பிடித்ததுபோல் நேராக வரும். குறுக்கே இழுத்தால் தன்னிஷ்டத்துக்கு வளைந்து போகும், அது மலை. கலர் பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக் கிழித்தால் ஓரத்தில் வெள்ளை தெரியும், அது வெயில். ஈரத் தூரிகையால் கோடு போட்டு, ஊறவிட்டு, மெல்லப் பிரித்தால் ஓரமெல்லாம் பஞ்சாக நிற்கும், அது புகை. ஆள் உருவம் கிழிக்கும்போது மட்டும் அவர் காகிதத்தைப் பார்க்கமாட்டார். நம் முகத்தைத்தான் பார்ப்பார், இமைக்காமல். முதுகுக்குப் பின்னால் கைகள் மட்டும் வேலை செய்யும். கடைசியில் காகிதத்தில் கிழித்த நம் தலையை நம் கையிலேயே கொடுப்பார். பி.டி. சார் தன் தொப்பையைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து மிஸ் இருக்கும் பக்கமே போவதில்லை.

போன வருடம் பர்ர் மிஸ் வராந்தாச் சுவர் முழுக்கப் பள்ளியையே கிழித்து ஒட்டினார். கட்டடம், கேட், வேப்பமரம், சாலை, நாங்கள், பிள்ளைகள். எல்லோரும் தங்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தோம். ஒருநாள் காலை, படத்தில் சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு உருவம் நின்றது. பச்சைச் சேலை. முகம் இல்லை. ஓரமெல்லாம் ஈரத்தில் பிரித்த பஞ்சு.

மறுநாள் அது நடுச்சாலையில் இருந்தது. அதற்கடுத்த நாள் கேட்டுக்கு வெளியே.

"சார், அந்தப் பொம்பள நடக்குதுங்க சார்!" என்றது ஆறாம் வகுப்பு. பாத்ரூமுக்குப் போகும் வழி அந்த வராந்தாதான். இதன் விளைவுகளை நான் விவரிக்கப்போவதில்லை. பி.டி. சார் சுவருக்கு மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். பயப்படாதவள் ஐந்தாம் வகுப்பு யாழினி மட்டும்தான். அம்மா இறந்துவிட்டாள் என்று சொல்லித் தாத்தா கொண்டுவந்து சேர்த்த பிள்ளை. தினமும் சுவர் முன்னால் நின்று, அந்த உருவத்தை விரலால் தடவிவிட்டுப் போவாள். அதைப் பார்க்க எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பேரன்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க. நீங்க கணக்கு வாத்தியார்தானே, போய்க் கிழிச்சுப் போடுங்க" என்றார் பிரின்சிபால் மேடம். கணக்கு வாத்தியாரைப் பேய் ஒன்றும் செய்யாது என்பது அவர் எண்ணம்.

நல்ல மத்தியானம். வராந்தாவில் ஆள் இல்லை. உருவம் இப்போது கேட்டுக்கு உள்ளே வந்திருந்தது. ஒற்றைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்திருந்தது. சாலையில் லாரி போகும்போதெல்லாம் அந்தப் பஞ்சு ஓரம் மேலும் கீழும் அசைந்தது, மூச்சு விடுவதுபோல. நீட்டிய கையை நான் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"கிழிக்கலீங்களா சார்?"

பின்னால் பர்ர் மிஸ். படத்தைக் காட்டிக் கேட்டேன். "யாருங்க மிஸ் இது?"

"யாழினி அம்மாங்க."

"அவங்க செத்துட்டாங்கன்னுதானே..."

"எனக்கும் அப்படித்தாங்க சொன்னாங்க. ஆனா தினமும் வர்றாங்களே" என்று சாலையைக் காட்டினார்.

எதிரே புளியமரத்தடியில் பச்சைச் சேலை நின்றிருந்தது. என் பக்கத்தில் எப்போது வந்தாரோ, எப்போது ஓடினாரோ பி.டி. சார், நான் திரும்பியபோது விசில் மட்டும் தரையில் கிடந்தது.

சாலையை எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. முதலில் அவளுக்குக் கால் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ரப்பர் செருப்பு; அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது.

"பொண்ணு நல்லா படிக்குதுங்களா சார்?" என்றாள் அவள். "பின்னால இருக்குற ஓட்டல்ல காய் நறுக்குறேனுங்க. மத்தியானம் கொஞ்ச நேரம் விடுவாங்க. சண்டையில வூட்ட விட்டு வந்துட்டேன். அவங்க நான் செத்துட்டேன்னு புள்ளகிட்ட சொல்லிட்டாங்க. திடீர்னு போய் நின்னா பயந்துக்குமேன்னு..."

சொல்லிக்கொண்டே பள்ளி கேட்டைப் பார்த்தாள்.

திரும்பி வந்து, "இதுக்குத்தான் நடக்க வெச்சீங்களா?" என்று பர்ர் மிஸ்ஸைக் கேட்டேன்.

"வெடுக்குன்னு இழுத்தா முரடாப் போயிருங்க சார். மரத்தடிக்குப் போய்ப் பேசித் தெரிஞ்சதும், அம்மா இருக்குறாங்கன்னு புள்ளகிட்ட தினம் கொஞ்சமாத்தான் சொன்னேன். நாளைக்கு நானே கூட்டிட்டு வரலாம்னு இருந்தேங்க." இதைச் சொல்லும்போதும் அவர் கையில் எதுவோ கிழிந்துகொண்டிருந்தது.

பிரின்சிபால் மேடம் யாழினியின் அப்பாவை வரவழைத்தார். "எங்கப்பா சொன்னாருன்னு நானும் சொல்லிட்டேனுங்க" என்று அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "பாக்கட்டுங்க" என்றார்.

மறுநாள் பர்ர் மிஸ் அந்தப் பச்சைச் சேலையைக் கேட்டுக்குள் கூட்டிவந்தார். யாழினி ஓடவில்லை, அழவில்லை. மெதுவாகப் போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பி, "மிஸ், நீங்க ஒட்டுன பச்சை வேறங்க. இது கரும்பச்சை" என்றாள். அப்போதுதான் அவள் அம்மா வாய்விட்டு அழுதாள். பர்ர் மிஸ் காகிதத்தைக் கீழே போட்டதை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

இந்த வருடம் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, பாப்பாரப்பட்டி பஸ் மணி ஆகியும் வரவில்லை. பர்ர் மிஸ் அதில்தான் வருவார். நான் கேட்டருகே போய் நின்றேன். பி.டி. சார் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். "சும்மா, வெயில் எப்படி இருக்குதுன்னு பாக்க வந்தேனுங்க" என்றார். நானும் வெயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பஸ் வரும் வரை.